ஜோடி இல்லாமல் அனுமதி இல்லை

1

இந்தக் கதை கலையார்வத்தில் பிறந்ததல்ல. அவினாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு மாலை டிஸ்கோ நடக்கும். ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள். எனக்கு ஜோடி இல்லை. வாசலில் நின்ற நேரத்தில் யோசித்தது இது.

வருடம் 2006. உள்ளே டிஜே, என் பள்ளித் தோழன் அருள்குமார். முதல் வரியை இப்படி எழுதினேன்:

‘வண்ண விளக்குகளின் மழையில் ஓர் இளைஞன் கடவுளைப் போல்...’

அடித்துவிட்டேன். அவன் மங்கலத்துத் தறிக்காரன். கடவுளின் சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்காது.

2

இப்படி ஒரு ஆள் இருப்பானா என்பீர்கள். [எனக்கும் அதே சந்தேகம்.] வாரமெல்லாம் அம்மா வேலாத்தாளுடன் விசைத்தறி ஓட்டுகிறவன், ஞாயிறானால் டெக்னோ போடுகிறான். பெர்லினில் யாரோ போன வாரம் செய்த பாட்டை, பிரவுசிங் சென்டரில் காத்துக் கிடந்து இறக்குவான். இயர்போனில் ஒன்றை என் காதில் செருகி, “இரு மாப்ள, இப்ப வரும்” என்பான். வெகுநேரம் ஒன்றும் வராது. பிறகு எங்கோ ஒரு மணி ஒலிக்கும். அவன் கண் கலங்கிவிடும்.

பாட்டில் வார்த்தையே இல்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

“வார்த்தை இருந்தா எல்லார் வாயும் ஒரே மாதிரி அசையும்டா. இதுல அவங்கவங்க சொந்தப் பேச்சுப் பேசறாங்க. மேல நின்னு பாத்துட்டே இருப்பேன்.”

தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது; தறிக்குடோனில் வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பார்கள்.*

* சைகையும் உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எதிர்த்தறிக்காரர் தன் தோளை இரண்டு முறை தட்டினால், ‘உன் தறியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போயிட்டு வா’ என்று பொருள். பெரும்பாலும் டீ குடிக்க.

3

பெங்களூரில் ஒரு கிளப் அவனை நிரந்தரமாகக் கூப்பிட்டது. அங்கே சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்ப மாட்டார்களாம். அம்மாவிடம் சொன்னான். அன்றிலிருந்து வேலாத்தாள் அவனிடம் பேசவில்லை. தறியிலும் தலை நிமிரவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை என்று இவனும் உட்கார்ந்துவிட்டான். திங்கட்கிழமை கிளப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

4

அதற்கு முந்தின நாள், ஞாயிறு. நான் வழக்கம்போல வாசலில். ஆட்டோவிலிருந்து வேலாத்தாள் இறங்கினார். காவலாளி தவசி, மதுரைப் பக்கத்துக்காரர், ஜோடி விதியை அவரிடம் மரியாதையாக விளக்கினார்.

வேலாத்தாள் என்னைக் காட்டினார். “இந்தப் பையன் இருக்கறானுங்க.”

தவசி எங்களை மாறி மாறிப் பார்த்தார். விதியில் வயது எழுதியிருக்கவில்லை. [என் இளமையின் ஒரே காதல் காட்சி. இதை எடிட்டர் வெட்டக் கூடாது.]

வீட்டிலேயே பேசியிருக்கலாமே என்றேன்.

“ஊட்டுல எல்லாத்துக்கும் காது இருக்குது கண்ணு. குடோன்ல எல்லாத்துக்கும் எங்க வாய் புரியும். இங்கதான் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்.”

5

உள்ளே போனதும் அவர் தூணோரம் நின்றார். அருள் பார்த்துவிட்டான். யாரோ நீட்டிய சினிமாப் பாட்டுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வார்த்தையில்லாத புதுசு ஒன்றை ஏற்றினான். ஆடுகிறவர்களின் தலைக்கு மேல் இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

என்ன பேசினார்கள்?

வரைவு ஒன்று: ‘மகனே, உன் கனவைத் தேடிப் பறந்து...’ வேலாத்தாள் இப்படிப் பேசியிருந்தால் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன்.

வரைவு இரண்டு: ‘நீ போயிட்டா நான் எதுத்தாப்புல யாரப் பாத்து...’

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் நின்றும் ஓர் எழுத்துப் புரியவில்லை. அவர் நிறையப் பேசினார். ஒருமுறை சிரித்தார். ஒருமுறை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பாட்டு முடியப்போகிற நேரம். அருள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்ததை ஒட்டவைத்தான், சந்து தெரியவில்லை. சத்தம் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

6

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். உதடு படிக்கத் தெரியாதவன் எழுதிய கதை இது. கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் வேலாத்தாள் மகனைப் பார்த்தபடியே தன் தோளை இரண்டு முறை தட்டினார்.

தோள் அரித்திருக்கலாம்.

இந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.