வலைப் பைக்கு வெளியே ஒரு கப்

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கப்பலில் கருவிகளுக்குப் பொறுப்பான டெக்னீஷியனை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'வெடி' என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். அதற்கும் சேர்த்து வெடிப்பார்.

வெடிக்காமல் என்ன செய்வது? பன்னிரண்டு குப்பிகள் வட்டமாக நிற்கும் இரும்புக் கூண்டைக் கேபிளில் மாட்டி, வாய் திறந்தபடி கடலின் அடிவரை இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு குப்பியை மூடவைத்து, அந்தந்த ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். மூடியை இழுத்துச் சாத்துகிற ரப்பர் கயிறு இரண்டாம் குப்பியில் அறுந்து ஒரு வருடம் ஆகிறது. புதுக் கயிறு கேட்டு நாலு கடிதம் எழுதிவிட்டார். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றது அலுவலகம். அந்தக் கயிற்றைச் செய்கிற கம்பெனி ஒன்றே ஒன்றுதான் என்று இவர் எழுதினார். அப்படியானால் செய்யாத இரண்டு கம்பெனிகளிடமிருந்து 'செய்வதில்லை' என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டார்.

இது போதாதென்று கப் தொல்லை வேறு. தெர்மாகோல் கப்பில் எதையாவது வரைந்து கூண்டோடு இறக்கினால், ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கி, படம் கெடாமல், கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி வரும். கப்பலில் வருகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக அப்படி ஒன்று வேண்டும். வெடி அதற்கு விதி எழுதி ஒட்டியிருந்தார்: கப்புகள் வலைப் பைக்குள்தான், பை கூண்டின் உச்சியில்தான், அதுவும் முதல் நாள் மட்டும்தான்.

முந்தாநாள் கேப்டனே ஒரு கப்போடு வந்து நின்றார். "இது ஆராய்ச்சிக் கப்பலா, பொம்மைக் கடையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார் வெடி. கேப்டன் வேறு யாருமில்லை, வெடியின் மனைவிக்கு அண்ணன். அதிலிருந்து மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசி நாள். பதினொரு மணிக்குக் கப்பல் திரும்ப வேண்டும். ஆராய்ச்சி மாணவிக்கு நாலாயிரம் மீட்டர் ஆழத்து அடித்தண்ணீர் வேண்டும். அது இல்லாமல் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இல்லை. மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். ஒரு வருடம் இன்ஜின் கோளாறு, ஒரு வருடம் புயல். இரண்டாம் குப்பி உதவாது, மற்ற பத்தும் மற்ற ஆழங்களுக்கு. அடிக்கு ஒன்றாம் குப்பி மட்டும்தான்.

எட்டு மணிக்குக் கயிறு எடுக்கத் தன் பையைத் திறந்தபோதுதான் வெடிக்குப் பகீரென்றது. மகள் நீல மீன் வரைந்து கொடுத்த கப் அப்படியே இருந்தது. முதல் நாள் ஊரார் கப்புகளைத் திட்டித் தீர்த்ததில் சொந்தக் கப்பை மறந்துவிட்டார். வெறுங்கையோடு போனால் ஏழு வயது மகள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். வலைப் பையையோ அலசிக் காயவைத்து அலமாரியில் பூட்டியாகிவிட்டது. எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். தளத்தில் யாருமில்லாத நேரம் பார்த்துக் கப்பை நூலால் இறுக்கிக் கூண்டில் கட்டினார். ஒரே ஒரு கப். இதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூண்டு மேலே வந்தது. ஒன்றாம் குப்பியின் அடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூடிக்கும் வாய்க்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு நீல மீன்.

பார்த்ததும் வெடிக்குப் புரிந்துவிட்டது. கப் சுருங்கும், நூல் சுருங்காது. கட்டு தளர்ந்து, கப் நழுவிக் குப்பியின் வாயில் மாட்டியிருக்கிறது. அதற்குத்தானே பை என்று ஆயிரம் பேருக்கு ஆயிரம் முறை சொன்னவர் அவர்தான்.

மாணவி மேல்தளத்துப் படிப் பக்கம் திரும்பினாள். "கேப்டன்தான் சார்! முந்தாநாள் அவர்தானே கப்பைத் தூக்கிட்டு வந்தாரு? மூணு வருஷம் சார்... இப்பவே போய்க் கேக்கறேன்."

மூட வேண்டிய குப்பி மூடவில்லை. ஐந்து நாளாக மூடாத வெடியின் வாய் மூடிக்கொண்டது. சும்மா இருந்தால் பழி மச்சான் தலையோடு போய்விடும் என்று ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தார், வெட்கமாக இருந்தது. ஆனால் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிய கேப்டன் இன்னொரு முறை இறக்க நேரம் கொடுப்பாரா? அவள் படியில் கால் வைத்துவிட்டாள்.

"நில்லும்மா. அது என்னோடது."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. "உங்களோடதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

கப்பை எடுத்துக்கொண்டு வெடியே மேலே ஏறினார். கேப்டன் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"மச்சான், மூணு மணி நேரம் வேணும்."

"எதுக்கு?"

வெடி கப்பை நீட்டினார். கேப்டன் அதை விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா வரைஞ்சதா?"

"ஆமா."

"நான் கேட்டப்ப என்னவோ சொன்னீங்களே மாப்பிள்ளை? என்ன கடை?"

"பொம்மைக் கடை."

"கேக்கலை."

"பொம்மைக் கடை மச்சான்! தப்பு என்னோடதுதான். அந்தப் பொண்ணுக்காகக் குடுங்க."

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சரி. திரும்பறப்ப வேகத்தைக் கூட்டிக்கறேன். கப்பு இங்கேயே இருக்கட்டும். பாப்பாகிட்ட நானே குடுக்கறேன், கதையோட."

கீழே மாணவி ஒன்றாம் குப்பியின் மூடியை மறுபடி திறந்து மாட்டிக்கொண்டிருந்தாள். வெடி கேபிளை இறக்கி ஏற்றும் வின்ச் பக்கம் போனபோது வழியில் வந்து நின்றாள்.

"பாக்கெட்டைக் காட்டுங்க சார்."

காலையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கப்பலே அதிர்ந்திருக்கும். வெடி ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றில் நூல் உருண்டை இருந்தது. அவள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இறக்குங்க."

இரண்டு மணிக்கு ஒன்றாம் குப்பி ஒரு சொட்டும் ஒழுகாமல் மேலே வந்தது. அவள் குப்பியின் குழாயைத் திறந்து ஒரு சிறு பாட்டிலில் பிடித்தபோது, விரலில் பட்ட தண்ணீரின் குளிர்ச்சியில் தன்னை மறந்து சிரித்தாள். நிமிர்ந்து வெடியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குனிந்து அடுத்த பாட்டிலை நிரப்பினாள்.