ஏழாம் எண் கதவு

தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்கும் பென்னலூர் வாடகை அறைகளில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடி வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து செந்தாமரை வந்திருந்தாள். போன வருடம் காலை பத்து மணிக்கு வந்து, ஏழாம் எண் கதவைத் தட்டிக் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, 'பிள்ளைகள் இல்லை' என்று எழுதிப்போனவளும் அவள்தான். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கும் நேரம் அது என்பது மண்டையில் ஏறவே ஒரு வருடமாகியிருந்தது.

இம்முறை மாலையில் தட்டினாள். பாண்டிச்செல்வி திறந்தாள், அவள் பின்னால் எட்டு வயது மகள் நின்றாள்.

"டிசி ஊர்ல கெடக்கு மேடம். அதான் சேக்கல."

"டிசி இல்லாமலே சேத்துக்குவாங்க. நாளைக்கு நானே கூட்டினு போறேன்."

சிறுமி செந்தாமரையை உற்றுப் பார்த்தாள்.

"போன வருசம் தட்டுனதும் நீங்கதான? கொரல் தெரியுது. அம்மா முழிச்சிருவான்னு நான் சத்தங்காட்டல."