பொம்மசந்திராவில் நின்ற வீடு

பெரிய வெள்ளிக்கிழமை மதியம், ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த குளோரியாவின் வண்டிக்குள் ஓர் அறை கூடுதலாக முளைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பழைய நீளம்தான். உள்ளே, துணி அலமாரிக்குப் பின்னால் ஜன்னல் வைத்த அறை ஒன்றும், ஜன்னலில் நல்ல காற்றும் இருந்தன.

குளோரியா பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரி. வைட்ஃபீல்ட் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸைப் பல வருஷம் ஓட்டியவள். டிராஃபிக்கில் மணிக்கணக்காக நிற்கும்போது, பின்னால் இருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்திவிட்டு உடம்பை இறுக்கிக்கொண்டு உட்காருவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு வைராக்கியம் ஏறியிருந்தது. வேலையை விட்டதும் பழைய பஸ் ஒன்றை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றினாள். அதில் முதலில் கட்டியது கக்கூஸைத்தான். வெள்ளை டைல்ஸ், உறுதியான உள்தாழ்ப்பாள், கூரைமேல் தண்ணீர் டேங்க். “பாதி வண்டிய கக்கூசுக்கே குடுத்துட்டா. இதுல ஏறி வேளாங்கண்ணிக்குப் போகணுமாம்” என்று அவள் புருஷன் குணசேகர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆனாலும் ஈஸ்டருக்கு ஏறி உட்கார்ந்துகொண்டான்.

லீவுக்கு ஊர் போகும் ஜனம் மொத்தமும் வியாழன் சாயங்காலம் ரோட்டுக்கு வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் எதுவும் கவிழவில்லை, யாரும் மறிக்கவில்லை. சக்கரங்கள் உருளவில்லை, அவ்வளவுதான். வெள்ளி காலையில் பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, “அக்கா, தப்பா நெனைக்காதீங்க, உள்ள பாத்ரூம் இருக்கா?” என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். குளோரியா கதவை விரியத் திறந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வரிசை உண்டாகி, அது லாரிகளைத் தாண்டி வளைந்து போனது. ஒவ்வொருத்தியும் வெளியே வரும்போது முகத்தில் வெளிச்சம் இருந்தது. குணசேகர் மேலே ஏறி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் விளிம்பு தொட்டு நின்றது. மறுபடி மூடிவிட்டு இறங்கினான்.

அந்த வரிசையில்தான் சௌம்யாவுக்கு வலி கண்டது. பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் புருஷன் விக்கி ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தான். ஆம்புலன்ஸும் எங்கேயோ இதே ரோட்டில்தான் நின்றிருந்தது. “அழுது என்னப்பா ஆகப்போவுது? அவள உள்ள கூட்டியா” என்ற குளோரியா, துவைத்த படுக்கைவிரிப்பு எடுக்க அலமாரியைத் திறந்தபோதுதான் அந்த அறையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அந்த அறையிலேயே விரிப்பை விரித்தாள். வரிசையில் நின்றிருந்த கோலார் தங்கவயல் நர்ஸ் சங்கமித்ரா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

வலி வருவதும் நிற்பதுமாகச் சனிக்கிழமையும் போயிற்று. குழந்தை திரும்பிக் கிடக்கிறது என்று சங்கமித்ரா குளோரியாவின் காதில் மட்டும் சொன்னாள். குளோரியா அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கவே இல்லை. இதற்கிடையில் கைக்குழந்தைக்காரிகள் வந்தால் ஓர் அறை, கால் வீங்கியவர்கள் வந்தால் இன்னொன்று என்று வண்டி இடம் கொடுத்துக்கொண்டே போனது. கடைசியில் துணி காயப்போட ஒரு முற்றமும் வந்தது. குணசேகர் வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினான். “தள்ளாதீங்கம்மா, இடம் இருக்கு. எங்க வண்டிதான். என் வொய்ஃப் கட்டினது, டைல்ஸ்கூட அவங்களே ஒட்டினது” என்று அவன் அடித்தொண்டையில் கத்தியது உள்ளே குளோரியாவுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

ஈஸ்டர் விடிகாலையில் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகை கேட்டு, வரிசையில் நின்ற எல்லா மதத்துப் பெண்களும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வெகுதூரத்தில் ஒரு லாரி உறுமியது. ரோடு நகர்ந்தது.

வேளாங்கண்ணி அந்த வருஷம் இல்லை. தாயையும் பிள்ளையையும் கிருஷ்ணகிரியில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு, குளோரியா வண்டியை ஆஸ்டின் டவுனுக்குத் திருப்பினாள். அறைகள் போகவில்லை. தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதுமில்லை. வீட்டுக்கு விருந்தாளி அதிகம் வந்தால் சாவி கேட்டு வருகிறார்கள். பெருக்கி முடிக்கத்தான் மத்தியானம் ஆகிவிடுகிறது. முன்பக்கம் அவள், முற்றம் வரைக்கும் குணசேகர்.