பிரதம விருந்தினர் வரும்வரை

அக்கராயனுக்கு அருகில் உள்ள அந்தப் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழு, அந்த வருடம் போட்டிக்கென்று வாசித்தது ஒரே ஒரு தடவைதான். மற்றத் தடவைகள் எல்லாம் யாரையாவது வரவேற்கத்தான் வாசித்தது. வங்கிக்குக் கிளை திறந்தார்கள், பாண்ட் போனது. வீதிக்குத் தார்க் காபெற் போட்டு முடித்தார்கள், பாண்ட் போனது. ஒரு விளையாட்டுக் கழகம் மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டபோதும், பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கை ஏற்றிவைக்க வந்தவருக்கு முன்னால் பாண்ட் நடந்தது. ஊரில் யாராவது நாடா வெட்டுவதென்றால் முதல் போன் பாடசாலை அதிபர் குகதாசனுக்குத்தான் வரும். அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

குழுவின் தலைவி சாரங்கா பதினோராம் வகுப்பில் படித்தாள். ஏழாம் வகுப்பில், ஊதி வாசிக்கிற மெலோடிக்காவோடு சேர்ந்தவள். கோல் பிடித்து முன்னால் நடக்கும் இடம் அந்த வருடம்தான் அவளுக்குக் கிடைத்தது. தகப்பன் வயல் செய்கிறார். தாய் சுதாஜினி கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. இப்படி அடிக்கடி வகுப்பை விட்டுப் போவது சாரங்காவுக்குப் பிடிக்கவில்லை. கணிதப் பாடம் போகும், விஞ்ஞானப் பாடம் போகும். திரும்பி வந்து யாருடைய கொப்பியையாவது வாங்கிப் பார்த்து எழுத வேண்டும். ஆனாலும் பாண்டை விட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஓசைக்கு நடுவில் நடக்கும்போது வருகிற சந்தோசம் வேறு எதிலும் அவளுக்கு வந்ததில்லை.

அந்த வருடம் கல்வி வலயப் போட்டியில் அவர்கள் முதலாவதாக வந்தார்கள். பாடசாலையின் பாண்ட் மாகாணப் போட்டிக்குத் தெரிவானது அதுதான் முதல் தடவை. சங்கீத ஆசிரியை ராஜினி, தானே ஒரு மெட்டை எடுத்து, பாண்டுக்கு ஏற்றபடி மாற்றி, பாடசாலை விட்ட பிறகு நாளும் பழக்கினார். நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, பெரிய ட்ரம் மட்டும் தனியாக ஒலிக்க வேண்டும். அந்த ட்ரம்மை அடித்தவள் ஒன்பதாம் வகுப்பு யதுர்ஷிகா. மெலிந்த பிள்ளை. ட்ரம் அவளை விடப் பெரிது. ஆனால் அந்த இடம் வரும்போது ஒரு தடவையும் அவள் தாளம் தப்பவில்லை.

போட்டி வவுனியாவில், ஒரு சனிக்கிழமை. விடிய முன்னம் பஸ் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பயிற்சி முடிகிற நேரம் அதிபர் மண்டபத்துக்கு வந்தார்.

"நல்லா வாசிக்கிறியள். சனிக்கிழமை ஒருத்தரும் வராமல் விடக்கூடாது," என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த நாளில் யார் வராமல் விடுவார்கள்?

"வவுனியாவுக்கு இல்லை. எங்கட மனையியல் கூடத்தைத் திறந்து வைக்கக் கொழும்பிலயிருந்து பிரதம விருந்தினர் வாறார். இப்பதான் போன் வந்தது. சனிக்கிழமை மட்டும்தான் அவருக்கு நேரம் இருக்காம்."

ராஜினி ரீச்சர்தான் முதலில் பேசினார்.

"சேர், அண்டைக்கு மாகாணப் போட்டி எல்லோ. பிள்ளையள் எவ்வளவு பாடுபட்டதுகள்."

"தெரியும் ரீச்சர். போட்டி அடுத்த வருசமும் வரும். அவர் வருவாரோ? ஆரம்பப் பிரிவுக்குக் கூரை கேக்க இருக்கிறம். மழைக்குப் பிள்ளையள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறது உங்களுக்கும் தெரியும்தானே."

"அடுத்த வருசம் நாங்கள் இங்க இருக்கமாட்டம் சேர்," என்றாள் சாரங்கா.

அதிபர் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீர் கெட்டிக்காரி, விளங்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜினி ரீச்சர் மெட்டு எழுதிய தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். "ரீச்சர், நீங்கள் வலயக் கந்தோருக்கு ஒருக்கா கதைச்சுப் பாருங்கோவன்," என்று சாரங்கா கேட்டாள். "அதிபரை மீறி நான் என்னெண்டு கதைக்கிறது பிள்ளை," என்றார் ரீச்சர். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. சாரங்காவுக்கு இரக்கம் வரவில்லை. எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்களை வாசலில் இருந்து வீதிவரை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். வெள்ளை உடுப்பு, சிவப்புப் பட்டி, குஞ்சம் வைத்த தொப்பி. ஒன்பது மணிக்கு விழா என்று அழைப்பிதழில் இருந்தது. உள்ளே தகரப் பந்தலில் மின்விசிறிகள் சுழன்றன. கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வெளியே சோளகக் காற்று வீதிப் புழுதியை அள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் அடித்தது.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. "இப்ப பரந்தன் தாண்டிட்டினமாம்," என்று ஒருவர் வந்து சொன்னார். பிறகு இன்னொருவர் வந்து, "இல்லை, இன்னும் ஆனையிறவுக்கே வரேல்லை, யாழ்ப்பாணத்தில வேற விழாவில நிக்கினம்," என்றார். போட்டிக்குப் போயிருந்தால் இந்நேரம் எங்கள் முறை வந்திருக்கும் என்று சாரங்கா நினைத்தாள்.

பதினொரு மணி அளவில் யதுர்ஷிகாவின் முகம் வெளுத்துப்போனதை அவள் கண்டாள். ட்ரம்மின் பட்டி தோளை அறுத்துக்கொண்டிருந்தது. சாரங்கா வரிசையை விட்டுப் பந்தலுக்குப் போனாள். மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்தன.

"பிள்ளையளுக்குக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

மேசைக்குப் பொறுப்பாக நின்றவர், "அது விருந்தினருக்கு. எண்ணித்தான் எடுத்தது. விழா முடிய உங்களுக்குச் சோடா இருக்கு," என்றார்.

அவள் அதிபரிடம் போனாள். "சேர், வேம்புக்குக் கீழ போய் நிக்கட்டோ? வாகனம் தெரிஞ்சவுடன ஓடி வந்திடுவம்."

"அவை வாற நேரம் நீங்கள் அங்கயும் இங்கயும் ஓடினால் என்ன வடிவு? இன்னும் கொஞ்ச நேரந்தான். பொறுங்கோ."

அவள் திரும்பி வாசலுக்கு வரும்போது யதுர்ஷிகா விழுந்துவிட்டாள். முழங்கால் மடிந்து, ட்ரம்மோடு சேர்ந்து சரிந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ட்ரம்மைத் தூக்க, சாரங்கா அவளுடைய தலையை மடியில் வைத்துத் தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி சுட்டது. அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவர், "அந்தப் பிள்ளையை உள்ளுக்குக் கொண்டு போங்கோ. மற்ற ஆக்கள் இடைவெளி தெரியாமல் நெருங்கி நில்லுங்கோ," என்றார்.

இடைவெளி தெரியாமல். அந்தச் சொல்லைக் கேட்டதும் சாரங்கா யதுர்ஷிகாவின் தலையைப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் மடிக்கு மாற்றினாள். அவள் எழுந்து வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். நாளும் பயிற்சியில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"குழு, கவனம். பின்புறம் திரும்பு. முன்னே நட."

பிள்ளைகள் ஒரு கணம் அவளைப் பார்த்தார்கள். பிறகு திரும்பினார்கள். இரண்டு பேர் யதுர்ஷிகாவைத் தாங்கிக்கொண்டார்கள். வரிசை குலையாமல், வாத்தியம் ஒன்றும் வாசிக்காமல், பந்தலைக் கடந்து, அதிபரைக் கடந்து, வகுப்பறைகளுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் நின்ற மருதமரத்தடிக்குப் போனார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் இருந்தது. தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் ஏந்தி ஏந்திக் குடித்தார்கள்.

"சாரங்கா, நில்லும்," என்று அதிபர் கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டது. அவள் நிற்கவில்லை.

சற்று நேரத்தில் ராஜினி ரீச்சர் ஓடி வந்தார். திரும்பிப் போகச் சொல்லப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் யதுர்ஷிகாவுக்குப் பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பை நனைத்து அவளுடைய முகத்தைத் துடைத்தார். "அம்மாக்குப் போன் எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

பிரதம விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். மருதமரத்தடியில் இருந்து பார்த்தால் வாசல் தெரியும். வாகனத்தால் இறங்கும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசியபடியே மாலைக்குத் தலையைக் குனிந்தார். பேசியபடியே நாடாவை வெட்டினார். பாண்ட் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பாண்ட் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அரை மணித்தியாலத்தில் அவருடைய வாகனங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன.

"இதுக்கோ அக்கா?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

அன்று பின்னேரம் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் படங்கள் வந்தன. முதல் படத்தின் கீழ், "பிரதம விருந்தினர் மாணவிகளின் பாண்ட் வாத்திய இசையுடன் கோலாகலமாக வரவேற்கப்பட்டார்" என்று எழுதியிருந்தது. வேலையால் வந்த சுதாஜினி போனில் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினாள்.

"நீங்கள் வாசிக்கேல்லை எண்டு சொன்னனீ?"

சாரங்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முன்னால் கோலோடு நின்றது போன வருடம் படித்து முடித்துப் போன அக்கா. சாரங்கா இரண்டாம் வரிசையில் மெலோடிக்காவோடு நின்றாள். அவள் அம்மாவிடம் அதைச் சொன்னாள். பிறகு காலையில் இருந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள். வெயிலில் நிற்கும்போதுகூட அவள் அழவில்லை.

சுதாஜினி போனை வாங்கி, படத்துக்குக் கீழே எழுதினாள். "இது போன வருசம் எடுத்த படம். இண்டைக்குப் பிள்ளையள் காலமை தொடக்கம் வெயிலில நிண்டதுகள். தண்ணி குடுக்கேல்லை. ஒரு பிள்ளை மயங்கி விழுந்திட்டுது. இண்டைக்குத்தான் அவையின்ர மாகாணப் போட்டி. அதுக்கும் விடேல்லை."

"அதிபரோட ஏன் கொழுவுறாய்? பிள்ளை சோதினை எடுக்க வேணும்," என்றார் தகப்பன்.

"எழுதிப் போட்டன்," என்றாள் சுதாஜினி.

மறுநாள் அதற்குக் கீழே மற்றத் தாய்மார் எழுதத் தொடங்கினார்கள். கனடாவிலும் சுவிசிலும் இருந்த பழைய மாணவர்கள், இது உண்மையா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை சுதாஜினியை அதிபர் கூப்பிட்டார். அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அதிபரின் அறையில் சாரங்காவும் ராஜினி ரீச்சரும் நின்றார்கள்.

"உங்கட மகள் செய்தது ஒழுக்கக்கேடு. அதைக்கூட நான் பெரிசா எடுக்கேல்லை. ஆனா நீங்கள் எழுதினதை அழிச்சுப்போட வேணும். பாடசாலைக்கு அவமானம்," என்றார் அதிபர்.

"நான் எழுதினது பொய்யோ சேர்?"

"பொய் எண்டு நான் சொல்ல வரேல்லை."

"அப்ப ஏன் அழிக்கோணும்?"

அதிபர் ராஜினி ரீச்சர் பக்கம் திரும்பினார். "ரீச்சர், பிள்ளையளுக்குத் தண்ணி ஏற்பாடு செய்திருந்தது தானே. சொல்லுங்கோ அவாக்கு."

ரீச்சர் நிலத்தைப் பார்த்தபடி, "இல்லை சேர். செய்யேல்லை," என்றார்.

அதிபர் கதிரையில் சாய்ந்தார். குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்காகவோ இதெல்லாம்? ஒரு கூரைக்கு நான் எத்தினை பேரின்ர வாசலில நிக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேர். நீங்கள் நிக்கிறது உங்கட முடிவு," என்றாள் சுதாஜினி. "பிள்ளையளை வெயிலில நட்டு வைச்சுத்தான் கூரை வாங்கோணுமோ? அந்தக் கூரைக்குக் கீழ இருக்கப் போறதும் பிள்ளையள்தானே. என்ர பிள்ளை பாண்டில சேர்ந்தது வாசிக்க. ஆரும் வாகனத்தால இறங்கேக்க வடிவுக்கு நிக்கிறதுக்கு இல்லை."

அவள் எழுதியதை அழிக்கவில்லை. பாடசாலைதான் அந்தப் படத்தை அழித்தது. அன்றே சாரங்காவிடம் இருந்து கோலை வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டால் திருப்பித் தரலாம் என்று பிரதி அதிபர் சொல்லி அனுப்பினார். அவள் கேட்கவில்லை. அந்தத் தவணை முழுவதும் பாண்ட் அறை பூட்டியே கிடந்தது.

அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வழக்கத்தை விட அதிகமான தாய்மார் வந்தார்கள். பாடசாலைக்கு வெளியே நடக்கிற விழாக்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டு போகக்கூடாது, உள்ளே நடக்கிற விழாவை விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்று யதுர்ஷிகாவின் தாய் எழுந்து சொன்னாள். கை தூக்காதவர்கள் சிலர்தான். அதிபர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆரம்பப் பிரிவுக்குக் கூரை இன்னும் வரவில்லை.

தவணை முடிகிற வாரத்தில் ராஜினி ரீச்சர் சாரங்காவை நடைபாதையில் மறித்தார்.

"பாண்டைத் திரும்பத் தொடங்கச் சொல்லிட்டினம். அடுத்த வருசம் எங்கட பிள்ளையள் கட்டாயம் வவுனியாவுக்குப் போவினம். எல்லாம் நீர் செய்ததாலதான்."

"போகட்டும் ரீச்சர். நல்லா வாசிக்கட்டும்," என்றாள் சாரங்கா. பிறகு நின்று, "ஆனா நாங்கள் போகேல்லைத்தானே," என்றாள்.

ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாரங்கா காத்திருக்கவில்லை. விஞ்ஞானப் பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. அவள் வகுப்புக்குப் போனாள்.