சத்தம் வராத மடிக்கணினியில் எழுதிய கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது பேட்டி எடுக்க வந்து கேட்டால் பெரிதாக ஏதாவது அளந்துவிடுவேன். (இதுவரை யாரும் வந்ததில்லை. இருந்தாலும் தயாராக இருப்பதில் தப்பில்லை.) நேற்று ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். அதில் சத்தம் வரவில்லை. கதைக் கரு அவ்வளவுதான்.

வாங்கியது என் மனைவிக்காக. அவள் ஒரு மருத்துவமனையில் தட்டச்சாளராக இருந்தவள். நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு, வார்த்தை பிசகாமல் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் இருக்கிறாள். எங்கெங்கோ விண்ணப்பித்து, கடைசியில் ஒரே ஒரு நிறுவனம் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே கணினியில் ஒலிப்பதிவைக் கேட்டு அடிக்க வேண்டும். கைப்பேசியில் அந்தப் பக்கம் திறக்காது. இன்று மாலையோடு வாய்ப்பு முடிகிறது. அவளுக்கு இந்த வேலை வேண்டும். அவளைவிட எனக்கு அது அவளுக்குக் கிடைத்தாக வேண்டும், ஏனென்றால் வேலை போனதிலிருந்து அவள் சிரிப்பது குறைந்துவிட்டது.

[கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.]

2

கடையிலேயே சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். கடைக்காரருக்கு அந்தத் தெருவில் கியாரண்டி அண்ணன் என்று பெயர். எதைக் கேட்டாலும் கியாரண்டி என்பார். ஒலி எப்படி என்று கேட்டதும் ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். பாட்டு கணீரென்று கேட்டது. இருவரும் தலையாட்டினோம். நான் மேசையில் தாளம்கூடப் போட்டேன். அந்தப் பாட்டு பக்கத்துச் செருப்புக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது என்பது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

காலையில் அவருக்குப் போன் போட்டேன். இன்று கடை விடுமுறை என்றார். கியாரண்டி என்றீர்களே என்றேன். கியாரண்டி மடிக்கணினிக்குத்தான், சத்தத்துக்கு இல்லை என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார். இவரை வில்லனாக்கலாமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பக்கம் முழுக்க நான் தலையாட்டிக்கொண்டே இருந்ததால் அழித்துப் போட்டேன்.*

* வாசகர்களில் கணினி தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். புளூடூத் ஸ்பீக்கரை இணைக்க வேண்டியதுதானே என்பார். ஐயா, முயன்றோம். இந்த மடிக்கணினியில் புளூடூத்தும் செத்துப்போயிருந்தது. வயர் வைத்த ஹெட்போன் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டோம். அவர்களுடைய கணினி அவர்களோடு அலுவலகம் போயிருந்தது. நீங்கள் இனி கதையைப் படிக்கலாம்.

3

காலை முழுவதும் வைத்தியம் பார்த்தேன். ஒலி அளவை உச்சிக்கு ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். ஒலிக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பிறகு, மடிக்கணினியில் சத்தம் வரவழைப்பது எப்படி என்று விளக்கும் காணொளிகளைத் தேடி, அதே மடிக்கணினியில் வரிசையாகத் திறந்து வைத்தேன். திரையில் ஒருவர் வாயசைத்தார். இன்னொருவர் கையை ஆட்டி வாயசைத்தார். நானும் புரிந்தவன்போல் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்துவிட்டது.

டிரைவர் ஏறும்வரை சும்மா இருப்பானேன் என்று கதையைத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: மௌனம் என்பது ஒலியின் எதிர்ப்பதம் அல்ல, அது—

(எது என்று எனக்கும் தெரியவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: குரலிழந்த ஓர் இயந்திரமும் குரலிழந்த ஒரு பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து—

“யாரு அந்தக் குரலிழந்த பொண்ணு?” என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

கதாபாத்திரம் என்றேன். அந்தக் கதாபாத்திரத்தைக் கொஞ்சம் எழுந்து நகரச் சொன்னாள். அவளே ஒருமுறை எல்லா வயர்களையும் பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. கதையில் வரும் மனைவி இப்போது ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்க்க வேண்டும். வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் என் மனைவி கட்டிலில் சம்மணம் போட்டு, கைப்பேசியில் ஏதோ ஒரு மருத்துவ உரையை ஓடவிட்டு, முழங்காலையே விசைப்பலகையாக நினைத்து விரல்களால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பேச்சாளர் இருமியபோது விரல்கள் நின்றன. தொடர்ந்தபோது தொடர்ந்தன. நான் இங்கே மௌனத்துக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெட்கப்பட்டு எழுத்தை நிறுத்தினேன் என்று சொன்னால் என்மேல் உங்களுக்கு மரியாதை வரும். நிறுத்தவில்லை.

5

நிறுத்தாததற்குக் காரணம், திரையின் மூலையில் எனக்கு ஓர் அற்புதம் கிடைத்திருந்தது. ஒலிக்குறியைத் தொட்டால் ஸ்பீக்கர் என்று வர வேண்டிய இடத்தில் ஹெட்போன் என்று காட்டியது. ஹெட்போன் எதுவும் மாட்டியிருக்கவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று யோசித்திருப்பார்கள். நான் மூன்றாம் தொடக்கத்தை எழுதினேன்:

இல்லாத ஒரு செவிக்குள் தன் குரலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது இந்த இயந்திரம். யாரும் மாட்டாத ஒன்றை மாட்டியிருப்பதாக நம்பி, உலகத்துக்குத் தர வேண்டிய ஒலியையெல்லாம் அந்த வெறுமைக்கே தந்து தீர்க்கிறது.

மனைவியைக் கூப்பிட்டு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் எழுத்தை அவள் இன்னொரு தரம் கேட்டதில்லை. முன்பைவிட உருக்கமாக வாசித்தேன்.

“மாட்டாததை மாட்டியிருக்குன்னு நம்புதுன்னு எழுதியிருக்கீங்களே,” என்றாள். “அது நீங்களா கட்டிவிட்டதா, இல்ல நிஜமாவே அப்படிக் காட்டுதா?”

“நிஜமாவேதான் காட்டுது. கேக்க நல்லா இருக்கேன்னு எழுதினேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. மடிக்கணினியைப் பக்கவாட்டில் திருப்பி, ஹெட்போன் செருகும் துளைக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தாள். உள்ளே ஏதோ மின்னியது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவருடைய ஹெட்போன் முள் ஒடிந்து, நுனி உள்ளேயே தங்கியிருந்தது. எவ்வளவு தூரம் நம்பக்கூடாதோ அவ்வளவு தூரம் அந்த இயந்திரம் அதை முழு ஹெட்போன் என்று நம்பியிருந்தது.

எழுத்தாளர்கள் உருவகம் தேடி அலைவார்கள். பழுது என்னவென்பதே என் கையில் கிடைத்தது, நான் அதை உருவகமாக்கி வீணடித்தேன்.

6

இந்தப் பகுதியிலிருந்து கையால் எழுதுகிறேன். மடிக்கணினி அவள் மடியில் இருக்கிறது.

ஊசியால் நெம்பினால் உள்ளே போய்விடும் என்றாள். தீர்ந்துபோன பேனா ரீஃபில் ஒன்றை எடுத்து, அதன் முனையில் உடனே ஒட்டும் பசையைத் துளியூண்டு தொட்டு, துளைக்குள் விட்டு அந்த நுனிமேல் அழுத்திப் பிடித்தாள். பசை கொஞ்சம் வழிந்து ஓரத்தில் பட்டாலும் போச்சு. ரீஃபிலும் முள்ளும் துளையும் ஒன்றாகிவிடும், தேர்வும் போய்விடும். வெளிச்சம் பிடிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஆட்டாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

பசை காயக் காத்திருக்கும் நேரத்தில், சும்மா இருக்க முடியாமல், முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: முள் வந்துவிடுகிறது. அவள் தேர்வு எழுதுகிறாள். வேலை கிடைக்கிறது. கணவன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். (கணவனை அழவைப்பது கொஞ்சம் அதிகமோ?)

முடிவு ஆ: ஒட்டிக்கொள்கிறது. இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். (இலக்கியத் தரம் கூடுதல். தரம் நாசமாகப் போகட்டும்.)

முடிவு இ: கியாரண்டி அண்ணன் கதவைத்—

[வேண்டாம்.]

7

வந்துவிட்டது. மெல்லச் சுழற்றி இழுத்தாள். ரீஃபிலின் நுனியில் கடுகளவு பொன்னிறத் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதே நொடியில், நான் காலையிலிருந்து திறந்து வைத்திருந்த அத்தனை காணொளிக்காரர்களும் உச்ச சத்தத்தில் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள். அத்தனை பேரும் எங்களுக்குச் சத்தம் வரவைப்பது எப்படி என்று கத்தினார்கள். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வெகுநாள் கழித்துச் சிரித்தாள். கதையை இங்கேயே முடித்துவிடலாமென்று ஆசையாக இருந்தது.

ஆனால் தேர்வு பாக்கி இருக்கிறதே. முகம் கழுவி வந்து, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குக் கிளம்பினாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்து என்ன முடிவு வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். முடிவு அ-வைக் காட்டினேன். நின்று படித்தாள்.

“இதை எழுதாதீங்க,” என்றாள். “நான் பாஸானா அது நானா பாஸானதா இருக்கட்டும். ஃபெயிலானாலும் அப்படித்தான். கதையிலகூட நீங்க எனக்கு வேலை வாங்கித் தர வேணாம்.”

கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஒரு மருத்துவர் வேகமாகப் பேசுகிறார், விசைகள் அவரை விடாமல் துரத்துகின்றன. இப்போது நின்றுவிட்டன. ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள். மருத்துவர் அங்கே ஏதோ முணுமுணுக்கிறார். கதவில் காதை வைத்துப் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரலாமென்று தாழ்ப்பாள்வரை கை போய்விட்டது. எடுத்துக்கொண்டேன்.

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிபட்டதா, வேலை கிடைத்ததா என்பதை எழுத எனக்கு அனுமதி இல்லை. உங்களை அவள் தடுக்கவில்லை. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தம் போடாமல் முடியுங்கள், உள்ளே அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.