சங்கரபாண்டியன் பேச்சில் நான் அடித்த வரி

1

இந்தக் கதை ஒரு பனையோலைப் பெட்டியில் தொடங்கியது. கோவில்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறேன்; ஆள் வராத நேரம் கதை எழுதுவேன். ஆவணிக் கடைசியில் நாகலாபுரம் சங்கரபாண்டியன் வந்து, விதைக்கும்போது இடுப்பில் இடுக்கிக்கொள்ளும் தன் விதைப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் வாங்கும் பருத்தி விதையை வாங்கவில்லை. எழுதுகிறவனுக்கு அன்பளிப்பு என்று நானே முடிவுகட்டி, ஆணி அடித்துச் சுவரில் மாட்டினேன்.

2

முதல் தொடக்கம்: ‘கரிசல்காட்டு மனிதன் வானத்தைப் பார்த்தபடி, மலைபோல அசையாமல்…’ (இங்கே மலை ஏது? அடித்தேன்.)

இரண்டாவது: ‘மழைக்கு முன்பே ஊரே புழுதியில் விதைத்தது. அவர் மட்டும் பொறுமையாக…’

(பொறுமை என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று கடையில் பார்த்த சவரம் செய்யாத முகம், பாதியில் நின்ற பேச்சு, குடிக்காமல் ஆறிப்போன டீ எல்லாவற்றையும் அதற்குள் திணித்தேன். எங்கள் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பவனை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. மழைக்குக் காத்திருக்கிறான் என்றுதான் நினைப்போம்.)

3

இன்று காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் மனைவி சீனித்தாய் பேசினார்.

“அண்ணாச்சி, மழை பெய்ஞ்சு நாலு நாளாச்சு. அவிய விதைக்கக் காட்டுப் பக்கமே போகல. கோழி கூப்பிடுமுன்னே முழிச்சு, சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. வச்ச சோறு அப்படியே இருக்கு.”

“அடுத்த மழைக்குப் பாக்காரோ என்னவோம்மா.”

“விதைப்பெட்டிய எங்கன வச்சாவன்னு தெரியல. வீடு பூராத் தேடிட்டேன்.”

சுவரில் தொங்கிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். விதைப்புக்கு முன்னால், காடு விதைக்கிற எந்தச் சம்சாரியும் அந்தப் பெட்டியை வெளியே கொடுக்கமாட்டான். விதை விற்கிற எனக்கு இது தெரியாதா?

“பெட்டி எங்கிட்டதான் இருக்கும்மா. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டுல இருந்தா எடுத்துப் பக்கத்து வீட்டுல குடுத்திருங்க. அவர விட்டு நகராதீங்க. நான் வாரேன்.”

4

நோட்டைப் புரட்டினேன். பெட்டியைத் தந்தபோது அவர் சொன்னதை எழுதி, மிகை என்று நானே அடித்திருக்கிறேன். அந்த வரியைத் திரும்ப வைக்கிறேன்:

[“நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இனிமே எனக்கு எதுக்கு.”]*

* வெட்கமாக இருக்கிறது.

5

கதைக்கு மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். மூன்றிலும் அவர் வாயே திறக்கவில்லை.

நாகலாபுரம் பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. பெட்டியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். முதலில் அவர் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகு திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வருவாரா, தெரியவில்லை.

நோட்டை விரித்தபடியே விட்டுப் போகிறேன். நீங்கள் முடிவு எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். அவர் சொல்வதில் ஒரு வரியையும் அடித்துவிடாதீர்கள்.