வெறும் வயிற்றோடு

மேலே தேவனூருக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அது திரும்பிக் கீழே இறங்கும்போது பிடித்தால்தான் நாமக்கல் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிறவரைப் பார்க்க முடியும். மதியத்துக்கு மேல் அவர் இருக்கமாட்டார். சின்னராசுவோ கட்டிலை விட்டு அசையவில்லை.

"மொளகு முடியட்டும் புள்ள, போலாம்" என்றான். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது.

மிளகு வெறும் சாக்கு. வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அவன் இல்லாமல்தான் ஊரில் பறிப்பு நடக்கிறது. உண்மைக் காரணம் அவன் மனைவி மாதம்மாளுக்குத் தெரியும். செய்தவளே அவள்தானே!

மலையில் பிறந்த எவரும் வயிறு நிறையத் தின்றுவிட்டு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு இறங்கமாட்டார்கள். போன தடவை, சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்று டாக்டர் சொன்னாரே என்று, உருண்டை உருண்டையாகக் களியை ஊட்டிக் கூட்டிப் போனாள். பாதி மலை இறங்குவதற்குள் வாந்தி வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பக்கூட அவனால் முடியவில்லை. வேட்டி, சட்டை, முன்சீட்டுக்காரர் முதுகு என்று எல்லாம் நாசம். வாந்தி எடுக்கும் கீழ்நாட்டுக்காரர்களைக் கேலி பேசியே வளர்ந்தவன், அன்று தலையைக் குனிந்தவன்தான். அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

நேற்று நர்ஸ் ஸ்டெல்லா வந்து அவன் விரல்களை நீவிப் பார்த்தாள். "இன்னும் தள்ளிப்போட்டா மடங்குனது மடங்குனபடியே இறுகிப்போயிரும்ண்ணா" என்றாள். பிறகு பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் இடது கையில் வைத்தாள். "நான் மொதமொதல்ல மலை ஏறி வந்து பஸ் ஸ்டாப்புல வாந்தி எடுத்தப்ப நீங்க இதே மாதிரி ஒரு பழத்தத்தான் கிள்ளிக் குடுத்தீங்க. மோந்துக்கிட்டே போங்க. வெறும் வயித்தோட எறங்கி, கீழ இட்லி தின்னுட்டு மாத்திர போட்டுக்கலாம்."

அந்தப் பழம் இப்போதும் தலைமாட்டில் கிடந்தது. மாதம்மாள் அதை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"உழுந்துட்டா?" என்றான் சின்னராசு மெதுவாக. "ஒத்தக் கையில கம்பியப் புடிச்சு, வளைவுக்கு வளைவு உருளச் சொல்றியா?"

அவள் பரண்மேல் கிடந்த கயிற்றை இறக்கினாள். மிளகு பறிக்கும்போது மரத்தோடு இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்வானே, அதே கயிறு. பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"மரத்துக்குப் பதிலா என்னையக் கட்டிக்கோங்க. எந்திரிங்க, நேரமாச்சு."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இத்தன பருத்த மரத்துல நா ஏறுனதே இல்ல."

எத்தனை மாதத்துக்குப் பிறகு கேலி பேசுகிறான்! மாதம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பறிப்புக் காலத்தில் அவனை நாற்காலியில் வைத்து பஸ் ஸ்டாப் வரை தூக்கிப் போக எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? அவள் தோளே போதும் என்று, வயல் வரப்பில் காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, விழுந்த கைப்பக்கம் அவள் உட்கார்ந்தாள். இருவர் இடுப்பையும் சுற்றிக் கயிற்றைக் கட்டினாள். கண்டக்டர் கயிற்றைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் வளைவில் அவன் அப்படியே அவள்மேல் சாய்ந்தான். கயிறு தாங்கியது. பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். இரண்டு மூன்று வளைவு போயிருக்கும். முடிச்சுப் பக்கம் அவள் சேலையை ஏதோ இழுத்தது. குனிந்தாள். அவனுடைய வலது கை விரல்கள், கயிற்றோடு சேலையையும் பற்றினாற்போல் மடங்கியிருந்தன.

வளைவு தள்ளிவிட்டதா, கைதான் பிடித்ததா? கேட்க அவளுக்குத் துணிவில்லை.

டிரைவர் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார். விடுமா, இறுகுமா என்று மாதம்மாள் அந்த விரல்களையே பார்த்திருந்தாள்.